என் பக்கத்துப் பிரேக்

ஜூன் 2, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடக்கிறது. இன்று எடுத்ததற்குக் காரணம் கோபம். அத்தையிடம் காட்ட முடியாது, ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி வரும். அப்பாவிடம் காட்டினால் முட்டியைத் தடவ ஆரம்பித்துவிடுவார். டைரியாவது வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

பாண்டியம்மா அத்தை வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் மல்லிகைப்பூ, வாயில் ஓசூர் மாப்பிள்ளை. போட்டோவை நீட்டினாள். பார்க்க மாட்டேன், பெயரும் சொல்ல வேண்டாம் என்றேன். இதுவரை ஏழு போட்டோ பார்த்தாயிற்று. ஏழு வீட்டாரும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கல்யாணத்துக்கு அப்புறமும் கார் ஓட்டச் சொல்லித் தருவாயா? தருவேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

திண்டுக்கல்லில் 'ரேணுகா டிரைவிங் ஸ்கூல்' போர்டைப் பார்க்காதவர்கள் குறைவு. நான் பிறந்த வருஷம் அப்பா ஆரம்பித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து நான்தான் நடத்துகிறேன். எனக்குக் கல்யாணம் ஆனதும் அதைப் பெரியப்பா மகன் ஜெகனிடம் கொடுத்துவிடுவதாக அப்பாவுக்கு எண்ணம். ஜெகன் போன வாரமே வந்து போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். என் பெயர் இருக்கிற இடத்தில் அவன் பெயர் எத்தனை எழுத்து பிடிக்கும் என்று அளந்திருப்பான்.

ஆடி பிறப்பதற்குள் முடிவு தெரிய வேண்டுமாம். "இது ஒண்ணுக்காவது சரின்னு சொல்லு தாயி" என்று அப்பா கேட்ட குரலில், அவர்களுக்குப் பிடித்தால் நான் மறுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். எனவே அவர்களுக்குப் பிடிக்கக் கூடாது. அதற்கு நான் பொறுப்பு.

கிளம்பும்போது அத்தை ஒரு தகவல் சொன்னாள். "வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி சொல்லாமக் கொள்ளாம ஸ்கூலுக்கு வந்து உன்னைப் பாத்துட்டுப் போவாக. யாரு வந்தாலும் சிரிச்ச மொகமா இரு." மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, வீடு இங்கே திண்டுக்கல்லில்தான். வயது முப்பத்து நான்கு, கண்ணாடி போட்டவர், இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். இது போதும் எனக்கு.

ஜூன் 3, செவ்வாய்

வந்துவிட்டார்.

இன்று இரண்டு பேர் சேர்ந்தார்கள். முதலாமவர் வசந்தகுமாரி அம்மா. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர், வயது ஐம்பத்தொன்பது. ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சி அலுத்துவிட்டதாம். அறுபது ஆவதற்குள் ஸ்கூட்டி ஓட்டிவிட வேண்டும் என்றார். பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

இரண்டாமவர் இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கண்ணாடி. பெயர் திருமூர்த்தி. படிவத்தில் வயது முப்பத்து நான்கு. ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறாராம். "நீங்களேதான் சொல்லித் தருவீங்களா? தினமும் நீங்கதானா?" என்று கேட்டார். கார் கற்க வந்தவன் காரைப் பற்றியல்லவா கேட்பான்? அதோடு விட்டாரா, படிவத்தில் நான் கையெழுத்துப் போடும்போது என் கண்ணையே உற்றுப் பார்த்து, "அடிக்கடி தலைவலி வருமா?" என்றார்.

பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்குவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறார். வராது என்றேன். மத்தியானத்திலிருந்து தலைவலி.

ஜூன் 6, வெள்ளி

எல்எல்ஆர் வந்துவிட்டது. முதல் வகுப்பு. மில் மைதானத்தில் ஒரு மணி நேரம் முதல் கியரிலேயே சுற்ற வைத்தேன். கிளட்சை விடும்போது வண்டி குதித்தால், "வண்டி ஓட்டுறீங்களா, மாவாட்டுறீங்களா?" என்றேன். ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்ததற்கு ஒரு திட்டு, இரண்டு கையால் பிடித்ததற்கு இன்னொரு திட்டு. தேவை இருந்ததோ இல்லையோ, சொல்லித் தருகிறவருக்கென்று தனியாக இருக்கிற என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் மூக்கு ஸ்டியரிங் வரை போய் வந்தது.

முடிவில் இறங்கி, "நன்றி மேடம், நாளைக்கு ஆறரைக்கு வந்துடறேன்" என்றார்.

ஜூன் 7, சனி

ஆறு இருபத்தைந்துக்கே வந்து நிற்கிறார். இவ்வளவு பொறுமை உள்ள மனிதரைக் கண்டாலே எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

திட்டு வேலைக்கு ஆகவில்லை. பெரிய ஆயுதத்தை எடுத்தேன்.

சிக்னலில் நின்றிருந்தோம். நேருக்கு நேராக, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்" என்றேன். அவர் குழப்பமாகப் பார்த்து, "அப்படிங்களா, பேரு?" என்றார். பெயர் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. எதிரே ஒரு கடையின் போர்டு தெரிந்தது. "தனசேகர். பெயிண்ட் பிசினஸ்" என்று சொல்லிவிட்டேன்.

"நல்லதுங்க" என்றார். பச்சை விழுந்தது. முதல் முறையாக வண்டி குதிக்காமல் கிளம்பியது.

வேலை முடிந்தது. அவர் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார், ஓசூர் கதை ஓசூருக்கே போய்விடும். நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று நினைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

வசந்தகுமாரி அம்மா இன்று ஸ்கூட்டியோடு சாய்ந்துவிட்டார். நான் பதறி ஓடினால் அவர் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார். முழங்கையில் சிராய்ப்பு. மருந்து போட்டுவிட்டு, கடையில் இருவரும் டீ குடித்தோம். "கல்யாணம் ஆனா இதையெல்லாம் விட்டுருவியாம்மா?" என்று கேட்டார். அவரிடம் நடிக்கத் தோன்றவில்லை. மாட்டேன், இதை விடச் சொல்கிற வீடு எனக்கு வேண்டாம் என்று மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். என் கையைத் தட்டி, "விடாத" என்றார்.

அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று இனிமேல் அவரையும் காலை வகுப்புக் காரின் பின் சீட்டிலேயே மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஜூன் 16, திங்கள்

அந்த மனிதர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். வந்தது மட்டுமில்லை, அதே சிக்னலில் நிற்கும்போது, "தனசேகர் சார் நல்லா இருக்காரா?" என்று நலம் விசாரிக்கிறார். வியாபார விஷயமாகக் கோவை போயிருப்பதாகச் சொன்னேன். பின் சீட்டிலிருந்து வசந்தகுமாரி அம்மாவின் இருமல் கேட்டது.

திரும்பும் வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். இவர் பதறவில்லை. கடைசி ஆடு, அதுவும் நொண்டி ஆடு, சாலையைத் தாண்டும்வரை கிளட்சை மிதித்தபடி காத்திருந்தார். ஆடு போன பிறகு அதைப் பார்த்துத் தலையாட்டினார், ஏதோ அது அவருக்கு வழிவிட்ட மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்தால் அவர் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிடுகிறது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

அவர் வரவில்லை. வேலையாம். மைதானத்தில் ஒரே தூசி.

ஜூன் 21, சனி

அத்தை போன் செய்தாள். ஓசூர் வீட்டுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

கோபம் வர வேண்டும் அல்லவா? உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், வரவில்லை. பதினைந்து நாள் திட்டியும், தனசேகரைப் பற்றிக் கேட்டும் ஒருவருக்குப் பிடிக்கிறதென்றால், போகட்டும், பார்க்கலாம் என்றுதான் தோன்றியது. "போட்டோவை அனுப்புங்க அத்தை" என்று நானே கேட்டேன்.

போட்டோ வந்தது. கண்ணாடி இருக்கிறது. நல்ல முகம். ஆனால் வேறு முகம்.

அத்தையைத் திரும்பக் கூப்பிட்டு, மாப்பிள்ளை எப்போது வந்து பார்த்தார் என்று கேட்டேன். "அவரு எங்க வந்தாரு? லீவு முடிஞ்சு ஓசூருக்கே திரும்பிப் போயிட்டாரு. அவுக அம்மாதான் பாத்தாக. உன்கிட்ட ஸ்கூட்டி படிக்கிறாகளே, தெரியலையா?" என்றாள்.

வசந்தகுமாரி அம்மா. அவருக்குத்தான் நான் மருந்து போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மனதைத் திறந்து காட்டினேன். பிடிக்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் இந்தத் திருமூர்த்தி யார்?

ஜூன் 23, திங்கள்

கேட்டேன். "நீங்க உண்மையிலேயே எதுக்குக் கார் கத்துக்கறீங்க?"

திருச்சியிலிருந்து இங்கே ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு மாறி வந்திருக்கிறார். கண் பரிசோதனை செய்கிறவர். நத்தம் பக்கம் ஒரு சின்னப் பரிசோதனை நிலையம் திறக்கிறார்கள். பொறுப்பு ஏற்கிறவர் கருவிகளை வண்டியில் வைத்து, தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். ஜூலை பதினைந்துக்குள் லைசென்ஸ் காட்டினால் வேலை அவருக்கு. இல்லையென்றால் அடுத்தவருக்கு. ஆறு வருஷமாகக் காத்திருந்த பதவியாம். தலைவலி பற்றிக் கேட்டது, நான் படிவத்தைக் கண்ணருகே கொண்டுபோய், தூரத்துக் கடிகாரத்தைக் கண் சுருக்கிப் பார்த்ததால்.

அந்த மனிதரை நான் பாதி மாதம் முதல் கியரில் சுற்ற வைத்திருக்கிறேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "நீங்க ஸ்ட்ரிக்ட்டுன்னு சொல்லித்தான் சேர்த்துவிட்டாங்க மேடம். இதான் முறை போலன்னு இருந்துட்டேன்" என்றார்.

பூமி பிளந்து உள்ளே போக மைதானத்தில் இடம் இருந்தது. காரணத்தை மட்டும் சொல்லவில்லை. உங்களை மாப்பிள்ளை என்று நினைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? நாளை முதல் காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு, பைபாஸ் ரோட்டில். சிக்னல் பக்கமே போகப் போவதில்லை.

ஜூன் 26, வியாழன்

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரும்பு வளையம் போன்ற ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். "இது தெளிவா இருக்கா, இதுவா?" எனக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் பழக்கம். ஒருவர் பொறுமையாகக் கேட்டு, நான் பதில் சொல்லும்வரை காத்திருப்பது புதிதாக இருந்தது. மைனஸ் முக்கால் இருக்கிறதாம். அங்கே அவர் கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ஸ்டியரிங் பிடித்துத் திணறுகிற அதே கைதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் கையைப் பார்க்காதீங்க, எழுத்தைப் பாருங்க" என்றார்.

ஜூன் 30, திங்கள்

கண்ணாடி வந்தது. வேப்பமரத்தில் இலை இலையாகத் தெரிகிறது. மலைக்கோட்டைப் படியில் ஏறுகிற ஆட்கள்கூடத் தெரிகிறார்கள். இத்தனை நாள் குத்துமதிப்பாகத்தான் உலகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"தனசேகர் சாருக்குக் கண்ணாடி பிடிச்சுதா?" என்று கேட்டார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். பொய்யைச் சொல்ல ஒரு நொடி போதுமாக இருந்தது. அதைத் திரும்ப எடுக்க ஒரு வாரமாக முடியவில்லை. "ம்" என்றேன்.

இன்று பைபாஸில் ஒருமுறைகூட என் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

அப்பாவுக்கு முட்டி வலியே மறந்துபோயிற்று. ஞாயிறு பதிமூன்றாம் தேதி பூ வைக்க வருகிறார்களாம். ஸ்கூலை நானே நடத்தலாம், மகன் மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொள்வான் என்று வசந்தகுமாரி அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா போர்டைத் துடைக்க ஏணி தேடினார். ஜெகன் இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

ஏழு வீட்டில் கேட்டுக் கிடைக்காதது, கேட்காமலேயே கிடைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. இருக்கிற ஒரே காரணம், நான் ஒரு பெயிண்ட் வியாபாரிக்கு நிச்சயமானவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதோடு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு.

ஜூலை 5, சனி

வசந்தகுமாரி அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய் அழுதுவிட்டேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், உங்கள் மகனை நான் பார்த்ததுகூடக் கிடையாது, என் மனது வேறு இடத்தில் இருக்கிறது, அந்த ஆளுக்கே அது தெரியாது என்று எதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் எழுந்து காபி போடப் போனார். இரண்டு டம்ளர் காபிக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. நான் ஹாலில் உட்கார்ந்து, ஒரு நல்ல மனுஷியைக் காயப்படுத்திவிட்டோமே என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர் கண் லேசாகச் சிவந்திருந்தது.

"திருமூர்த்தி தம்பிதானே?" என்றார். "பின் சீட்டுல உக்காந்து வந்தேன்ல. நீ அவரைத் திட்டுற ஜோர்லயே சந்தேகம். அப்புறம் திட்டுறத நிறுத்தின பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் ஒரு ஆசை, கேட்டுப் பாத்தேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். காபியை என் பக்கம் நகர்த்தினார்.

"பொண்ணு பாக்க வந்தேன். பொண்ணு கிடைக்கல. ஆனா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். நான் வெறுங்கையோட போகல. எட்டு மட்டும் கால் ஊனாமப் போட வச்சிரு, போதும்."

அப்பாவிடம் வந்து சொன்னேன். வாக்கை மீறுகிறேன் என்றும் சொன்னேன். அவர் முட்டியைத் தடவவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அந்தப் பையனுக்கு ரிவர்ஸ் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு பேருக்கும் இன்று டெஸ்ட்.

வசந்தகுமாரி அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கால் ஊனாமல் எட்டைப் போட்டு முடித்தார். முடித்தும் இறங்காமல் இன்னொரு எட்டு போட்டார். போதும் என்று அதிகாரியே கையைக் காட்ட வேண்டியதாயிற்று. மகனுக்கு அங்கிருந்தே வீடியோ அனுப்பிவிட்டு ஸ்கூட்டியிலேயே வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, சீக்கிரம் சொல்லு என்பதுபோலக் கையை ஆட்டினார்.

திருமூர்த்தி கிளம்பும்போது நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். பக்கத்து சீட்டில் நான் இல்லாமல் அவர் ஓட்டுவது இதுதான் முதல் முறை. மேட்டில் நிறுத்தி எடுத்தார், வண்டி பின்னால் வரவில்லை. ரிவர்ஸ் எடுத்தார், கம்பத்தைத் தொடவில்லை. நான் மண்ணில் வலது காலை மிதித்து மிதித்து ஒரு குழியே பறித்திருந்தேன். பாஸ்.

திரும்பும்போது அவரே ஓட்டினார். சந்தோஷத்தில் பழைய வழியில் திரும்பிவிட்டார். அந்தச் சிக்னல். சிவப்பு. எதிரே தனசேகர் பெயிண்ட்ஸ். கண்ணாடி போட்ட பிறகு இன்றுதான் அந்த போர்டைப் பார்க்கிறேன். பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'நிறுவனர்: தெய்வத்திரு தனசேகர்.' பக்கத்தில் மாலை போட்ட படம். எழுபது வயது இருக்கும்.

அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"எப்போ படிச்சீங்க?" என்றேன்.

"நீங்க சொன்ன அன்னிக்கே. எழுத்தைப் படிக்கிறதுதானே என் வேலை."

"அப்புறம் ஏன் தினமும் அவரை நலம் விசாரிச்சீங்க?"

"இல்லாத ஆளைச் சொல்லி ஒதுக்குறீங்கன்னா, என்னைப் பிடிக்கலைன்னு புரிஞ்சுது. ஆனா, என்னிக்காவது ஒருநாள், அப்படி யாரும் இல்லைன்னு உங்க வாயாலயே சொல்லுவீங்களான்னு கேட்டுப் பார்த்துட்டே இருந்தேன்."

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை என்று நினைத்தது, விரட்டுவதற்காகத் திட்டியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடைசியில், "தனசேகர்னு யாரும் இல்லை. நீங்க இருக்கீங்க" என்றேன்.

பச்சை விழுந்திருந்தது. பாஸான டிரைவர் கிளட்சை அப்படியே விட்டுவிட்டார். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தன. நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். அவர் கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது. அதை நான்தான் மேலே ஏற்றிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அத்தை கேட்ட கேள்விகளுக்கு இந்த டைரியில் இடம் போதாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறாள்.

ஜூலை 14, திங்கள்

தபாலில் லைசென்ஸ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காட்டி, நத்தம் பொறுப்பை வாங்கிவிட்டார். நாளை மறுநாள் ஆனியின் கடைசி நாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்தாக வேண்டும் என்று அத்தை ஒரே பிடியாக நிற்கிறாள். இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டே பலகாரத்துக்கு மாவு அரைக்கிறாள்.

சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வந்து பார்ப்பார்களா என்று திருமூர்த்தியிடம் கேட்டேன். அவருக்கு அம்மா மட்டும்தான். "சொல்லிட்டு, நேரா வர்றோம். நான்தான் ஓட்டிட்டு வரேன்" என்றார். என்னோடு ஸ்கூலையும் சேர்த்துத்தான் பெண் கேட்கிறார்களாம். அப்பா ஏணியில் ஏறக் கூடாது என்பதால் ஜெகனே வந்து போர்டைத் துடைத்துக் கொடுத்தான். பாவம், நல்ல பிள்ளைதான்.

ஜூலை 16, புதன்

நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்றரைக்கே பட்டுச் சேலையில் வாசலில் நின்றேன். பெண் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று அத்தை இழுத்தாள். முடியாது என்றேன். பக்கத்தில் நான் இல்லாமல் அவர் தாயாரை உட்காரவைத்து, இத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு வருகிறார், என்னால் எப்படி உள்ளே இருக்க முடியும்?

முனையில் வெள்ளை கார் திரும்பியது. இண்டிகேட்டர் போட்டார், சரி. எதிரே மினி பஸ் வந்தது, ஒதுங்கினார், சரி. எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேனுக்கும் ஒரு டிராக்டருக்கும் நடுவில் கொஞ்சம்தான் இடம். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ரிவர்ஸில் வந்தார். இன்னும் கொஞ்சம். இன்னும். டிராக்டர் நெருங்கிக்கொண்டே இருந்தது. என் வலது கால் தானாக எழுந்து சிமென்ட் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. இனிமேல் எப்போதும் இருக்காது.

காலை எடுத்துவிட்டேன்.

அவரே நிறுத்தினார்.